சுத்தமான சட்டைக்கு ஒரு வாளித் தண்ணீர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வாப்பா வளைகுடாவில் ஒரு கடற்படைத் தளத்தில் லாண்டரி வைத்திருந்தார். மலைக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம். அதில் ஒரு துறை, நான்கு ரோந்துப் படகுகள், எங்கள் கடை, கடைக்குப் பின்னால் எங்கள் ரூம். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் நான் அறுந்த பட்டன்களைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அது சண்டைக் காலம். கடலில் வெடி மிதக்கிறது என்று பெரியவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் சண்டை தண்ணீருக்காகத்தான் நடந்தது. வாரத்துக்கு இரண்டு முறைதான் தண்ணீர் வண்டி வரும். அதில்தான் சமையல், குளியல், துவையல் எல்லாம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியதென்று தெரியாது. படகு கிளம்பும் காலையில் ஒவ்வொரு மாலுமியும் ஒரு சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போவார். அழுக்குச் சட்டை இல்லையென்றால் பெட்டியிலிருந்து துவைத்த சட்டையை எடுத்துக் கொடுப்பார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கடைக்கு வந்து, தன் கையால் வாங்கிக்கொள்வார்.

“அழுக்குத் துணிக்கே தண்ணி இல்ல. வெள்ள வெளேர்னு இருக்கறதக் கொண்டாந்து போடுறானுவ. அப்படியே மடிச்சு வச்சாத்தான் என்னவாம்?” என்பார் உம்மா.

“தொவைக்கக் குடுத்தத தொவைக்காமக் குடுக்கச் சொல்றியா? சும்மா இரு புள்ள” என்பார் வாப்பா.

மாலுமிகளில் ஒருவர் குனிந்துதான் கடைக்குள் நுழைவார், அவ்வளவு உயரம். என்னை ‘முதீர்’ என்று கூப்பிடுவார். அரபியில் முதீர் என்றால் மேனேஜர். அந்த முறை கிளம்பும்போதும் மடிப்புக் கலையாத சட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, “முதீர் பாய், யாருக்கும் கொடுத்துவிடாதே, நான் வருவேன்” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன்.

நான்காம் நாள் அவருடைய படகை இன்னொரு படகு இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் கரி பிடித்திருந்தது. எல்லோரும் இறங்கினார்கள், அவரைத் தவிர. உம்மாவிடம் கேட்டேன். பின்னால் வருகிறார் என்றார்.

மறுநாள் அவருடைய கூட்டாளி வந்து, அவர் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டையைக் கேட்டார். வாப்பா தலை நிமிராமல், “இன்னும் காயல பாய். புக்ரா, நாளைக்கு வா” என்றார். அந்த வெயிலில் அரை மணியில் துணி முறுகிவிடும். கூட்டாளி சரியென்று போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அன்றும் காயவில்லை. சட்டையோ இஸ்திரி போட்டு மேல்தட்டில் இருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு நாள்கூடத் தாமதிக்காத கடை. யாருக்கும் கொடுக்காதே என்று அவர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் பொய் சொல்லும் கடைக்கு மேனேஜராக இருப்பது அதைவிடப் பெரிய அவமானமாகத் தோன்றியது. மூன்றாம் நாள் கூட்டாளி வந்ததும் வாப்பா வாய் திறப்பதற்குள் ஸ்டூலில் ஏறி எடுத்துவிட்டேன்.

“வாப்பா, இந்தா இருக்கு! காஞ்சு இஸ்திரியும் போட்டாச்சே!”

பாராட்டுக்காக நின்றேன். கூட்டாளி கை நீட்டவில்லை. வாப்பா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா வந்தார். என் கையிலிருந்து சட்டையை வாங்கினார். உள்ளே கொண்டுபோய், நிறைந்திருந்த வாளியில் அதை முழுசாக அமுக்கினார். அன்று தண்ணீர் வண்டி வராத நாள். இருந்ததே அந்த ஒரு வாளிதான்.

“ஈரமா இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு வரட்டும்” என்றார்.

கூட்டாளி தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். எனக்கு உம்மாவின் மேல் ஒரே கோபம். சுத்தமான சட்டைக்குப் போய் குடிக்கிற தண்ணீரை வீணாக்கிவிட்டாரே என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.