வில்லுக்கு முன்னால் ஒரு மூச்சு

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பினால், வாசலில் நண்பர் கலியமூர்த்தி. கையில் ஒரு சிடி. எங்கள் மன்னார்குடி கடைத்தெருவில் சிடி பிளேயர் என் கடையில்தான் இருக்கிறது — மகன் துபாயிலிருந்து அனுப்பியது.

"பாய், வசந்தி அனுப்பியிருக்கு."

எனக்குத் திக்கென்றது. கர்னாடக வயலின் படித்த அவர் மகள், அதை விட்டுவிட்டு மேல்நாட்டு இசைக்கென்று ஜெர்மனி போனாள். மூன்று வருஷமாக அப்பா பேசுவதில்லை. சிடியோடு ஒரு சீட்டு: 'கேட்டுப் பாருங்கப்பா. பிடிச்சிருந்தா மட்டும் போன் பண்ணுங்க.'

பிடிக்காவிட்டால்..?

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கவலைப்பட எனக்குக் காரணமா வேண்டும்?

போட்டேன். நான்கு பேர் வாசிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டு இசையாம். எட்டாவதோடு நின்ற எனக்கு அட்டையில் அதுவரைதான் எழுத்துக்கூட்ட முடிந்தது.

"சுருதி சேர்க்கிறாங்க போல" என்று கண்ணை மூடிக் காத்திருந்தார் கலியமூர்த்தி. நானும் காத்திருந்தேன். பத்து நிமிஷம்... சேர்ந்தபாடில்லை. சட்டென்று நின்று, வேறொன்று தொடங்கியது.

"பாய், அதுதான் பாட்டுங்களா? முடிஞ்சே போச்சா?"

முடிந்திருந்தது.

அவர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். மகள் சாதகம் செய்த காலமெல்லாம் போட்ட கை. இரண்டு தட்டுக்குள் தப்பியது. மறுபடி... மறுபடி. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நிறுத்திடுங்க பாய். நான் கிளம்பறேன்."

பதற்றத்தில் வேறு பட்டனை அமுக்கிவிட்டேன். முதலிலிருந்து ஓடியது. ஒரு நொடி அமைதி. பிறகு, வில் தந்தியைத் தொடுவதற்கு முன்னால், 'ஸ்ஸ்' என்று மூச்சு இழுக்கும் சத்தம்.

எழுந்தவர் அப்படியே நின்றார்.

"அதை மட்டும் திருப்பிப் போடுங்க."

போட்டேன்.

"அவதான்! மேடையில மூக்கை உறிஞ்சாதடீன்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன்..."

அந்த மூச்சை மட்டும் ஆறு தடவை கேட்டோம். பிறகு எதிரே இருந்த ஐஎஸ்டி பூத்துக்குப் போனோம்.

"நான்தாம்மா. கேட்டேன். ஒண்ணும் புரியலை."

ஐயோ, இதையா முதலில் சொல்வது மனுஷன்? எனக்கு வியர்த்துவிட்டது.

"ஏன்டி, மூக்கை உறிஞ்சறதை இன்னும் விடலையா நீ?"

அந்தப் பக்கம் அழுதாளா, சிரித்தாளா, எனக்குக் கேட்கவில்லை. இவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிடித்ததா என்று அவர் சொல்லவேயில்லை. அவளும் கேட்டமாதிரித் தெரியவில்லை.

சிடி இப்போது என் கடையில்தான் இருக்கிறது, தினமும் வருகிறார் — அதில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்த வாரத்துக் கவலை.