பிரிக்காத கவரும் குவாண்டம் கம்ப்யூட்டரும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள், ஞாபகமும் முன்பின்னாக வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, புதுவாயல் பக்கம் ஒரு கல்லூரியில் பெருக்குகிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் இரும்பு உருக்கும் கம்பெனியில் இருந்தவர். இருமல் நிற்காமல், நெஞ்சிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வந்த நான் பயத்தில் கவரைப் பிரிக்காமல் அரிசி டப்பாவில் ஒளித்துவிட்டேன்.

"இன்னாமே, ரிப்போர்ட்டு வந்துச்சா?"

"இன்னும் வர்லய்யா."

இப்படியே ஒரு மாதம் ஓடியது.

ஒருநாள் கல்லூரியில் குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றி ஊர் ஜனங்களுக்காகக் கூட்டம் போட்டார்கள். சாதா கம்ப்யூட்டருக்குப் பூஜ்யம், இல்லாவிட்டால் ஒன்று. இதிலோ பார்க்கிறவரை இரண்டும் கலந்தே இருக்கும், பார்த்ததும் ஏதோ ஒன்றாகிவிடும் என்றார் பேச வந்த சார். எனக்கு நெஞ்சு லேசானது. நான் கவரைப் பிரிக்காதவரை வீட்டுக்காரருக்கு நோய் இல்லாமலும் இருக்கலாம்தானே?

கூட்டம் முடிந்து டீ டம்ளர் எடுக்கும்போது அந்த சாரிடமே கூச்சத்தோடு கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அது கண்ணுக்கே தெரியாத அணு சமாச்சாரம்மா. உங்க கவர்ல இருக்கிறது எப்பவோ எழுதி முடிச்சது. பாக்காம இருந்தா நாள்தான் போகும்."

அன்று சாயந்திரமே கவரை வீட்டுக்காரர் முன்னால் வைத்து அழுதேன்.

"நீ ஒளிச்சி வெச்சிகினு இருந்தது தெரியும்மே. அரிசி எடுக்கசொல்ல பாத்தேன். பிரிக்க எனக்கும் தகிரியம் வர்ல" என்றார்.

"இத்தனை நாள் எங்க போனீங்க?" என்று மறுநாள் கவரைப் பிரித்துப் பார்த்த டாக்டர் கேட்டார். அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்காரர் இல்லை.

முன்னமே போயிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோமே, அதுதான் ஆறவில்லை.

கம்ப்யூட்டர் பற்றி நான் எழுதியது சரியா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அவரைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டாம்.