காற்றுப் போகாத சுருட்டு

புகையிலையை முழங்கால் மேல் விரித்து, நடு நரம்பைக் கட்டைவிரல் நகத்தால் கீறி உருவுகிறார் லூர்துநாதன். நரம்பு அறுபடாமல் ஒரே இழுப்பில் வந்துவிட்டால் "ஆங்" என்று ஒரு சத்தம். உதிரி இலைகளை உள்ளே வைத்து, நல்ல இலையை மேலே சுற்றி, பலகையில் உள்ளங்கையால் உருட்டி, நுனியில் மைதாப் பசை தடவி ஒட்டுகிறார். பிறகு, "ரோசா!" என்று குரல் கொடுக்கிறார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வருகிறார். பிறந்ததிலிருந்து புகை குடித்தறியாத மனுஷி. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பற்ற வைக்காத அந்தச் சுருட்டை வாயில் வைத்துக் கன்னம் ஒட்ட இழுக்கிறார். கண் பிதுங்குகிறது.

"காத்தே வரல. சரி, வச்சிக்குங்க."

"பாஸ்!" என்கிறார் லூர்துநாதன்.

சாரம் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. ஜெபமாலைக்கு ரோசாவைக் கூப்பிடப் போகும்போதெல்லாம் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடைச் சுருட்டு ருசிக்காமல், தனக்கு வேண்டியதைத் தானே சுற்றப் பழகினார். ஒன்றுகூட விற்றதில்லை, எல்லாம் ஆசைக்குத்தான். போன வருஷம் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு கண்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, புகையை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

விட்டார். கைதான் விடவில்லை. "வாயிக்குப் பூட்டு போட்டுட்டேன் தங்கச்சி. இந்தக் கை ரெண்டும் சாயங்காலமானா தானா எலையத் தேடுது. வெட்டியா எறிய முடியும்?" என்றார் என்னிடம்.

ரோசாதான் வழி கண்டார். சுற்றிக்கொள்ளலாம், ஆனால் காற்றுப் போகாதபடி இறுக்கிச் சுற்ற வேண்டும். இழுத்தால் வராத சுருட்டை யாராலும் குடிக்க முடியாதல்லவா? நல்லதாகவே சுற்றிப் பழகிய கைக்கு இது லேசில் வரவில்லை. ஆரம்பத்தில் காற்று தாராளமாக ஓடும். "இது யாருக்கு? எங்கப்பனுக்கா?" என்று ரோசா பிய்த்துப் போடுவார்.

பிய்த்த இலையைக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறினால் எதிர்வீட்டு அமுதவல்லி வந்து நிற்பாள். "அண்ணே, ஒங்க தீர்த்தம் கொஞ்சம் குடுங்க. பூச்சிங்கதான் பாவம், கெட்ட பழக்கத்துல சாவுது!"

ரோசாவுக்கு ஒரே ஒரு குறை. 'திட்டு சுருங்கிட்டு வருதாம்' என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொல்வார் லூர்துநாதன். ஆனால் மனைவியைத் தன்னோடு அழைத்துப் போகமாட்டார், வாயைத் திறந்து காட்டவும் மாட்டார். "இன்னா, வாய்க்குள்ள சினிமாவா ஓடுது?" என்பார். வெளியே எங்காவது சுருட்டு குடிக்கிறாரோ என்ற பயம் ரோசாவைத் தின்றது. ஜெபமாலையில் அவர் வேண்டுதல் அது ஒன்றுதான்.

போன வாரம் பிரான்சிலிருந்து அந்துவான் வந்தார். பள்ளிக்கூடத்துச் சேக்காளி. இந்தக் கதை எதுவும் தெரியாதவர். "டேய் லூர்து, ஒன் கையால ஒண்ணு சுத்திக் குடுடா. எத்தினி வருசம் ஆச்சி!"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இலையை எடுத்தார். கை இளகியது. இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல், பார்க்கவே அழகாக ஒரு சுருட்டு வந்தது. காற்று ஓடுகிறதா என்று பார்க்க, பழைய பழக்கத்தில் அதை வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டருகே கை நின்றுவிட்டது. அடுப்படி வாசலில் ரோசா அசையவில்லை. ஜெபமாலைக்குக் கூப்பிட வந்து நின்ற நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

"இந்தா ரோசா, நீயே இழுத்துப் பாரு."

ரோசா இழுத்தார். "வருதுங்க. நல்லா வருது."

"மெர்சிம்மா" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார் அந்துவான். "இன்னாடா, பொண்டாட்டிய இழுக்கச் சொல்ற? ஒனக்கு மூச்சு போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்ச நாளைக்கு வேணும்டா, அதான்."

அந்துவான் கிளம்பிப் போனார். லூர்துநாதன் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், வாய் கொப்பளித்தார். டியூப்லைட்டுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரோசாவின் கையில் செல்போனைக் கொடுத்து, "டார்ச்சப் போடு" என்றவர், தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறந்தார்.