கைப்பையில் இருந்த பத்திரம்

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் வரும். மத்தியானம் சர்க்கரைக்கு நாட்டு வைத்தியம் வரும். போன மாதம் திடீரென்று ஒரு விவாதம் வந்தது. பிழைக்க வழியில்லாத நோயாளி தானே கேட்டால் டாக்டர் மருந்து கொடுத்து முடித்து வைக்கலாம் என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறதே, இங்கேயும் வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டு வைத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் வேலையை விட்டாலும் வாய் ஓய்வு பெறுவதில்லை. உயிர் கடவுள் கொடுத்தது என்றார் ஒருவர். வலிக்கிறவனுக்குத்தானே தெரியும் என்றார் இன்னொருவர். சட்டம் வந்தால் சொத்துக்காகப் பெற்றவர்களையே முடித்துவிடுவார்கள் என்று ஒரு அம்மா நான்கு பத்தி எழுதினார். இரண்டு நாள் கழித்து, கணக்கு டீச்சர் அனுபவப்பட்டவர், அவர் சொல்லட்டும் என்று என்னை இழுத்துவிட்டார்கள். நான் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது. இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்தவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரியோடு இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராகப் போனார். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், எங்கெங்கோ. வருஷத்தில் பத்து மாதம் வீட்டில் இருக்க மாட்டார். பள்ளிக்கூடம், பையன், வீடு என்று எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டேன். பாறைத் தூளைச் சுவாசித்துச் சுவாசித்து அவருடைய நுரையீரல் இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். ஆறு வருஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நோய் வந்துதான் எனக்குப் புருஷன் கிடைத்தார். சேர்ந்து காப்பி குடித்தோம். ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். தக்காளி விலைக்குச் சண்டை போட்டோம்.

கடைசி வருஷம் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போவதற்குள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஒரு நாள் டாக்டரிடமே நேராகக் கேட்டார், ஊசி போட்டு அனுப்பிவிட முடியாதா என்று. அதற்கு நம் நாட்டில் சட்டம் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஆனால் செயற்கைச் சுவாசக் கருவி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், கோர்ட் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றார். அதாச்சும் இருக்குதே என்று இவர் சமாதானப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னை உட்கார வைத்து மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்.

"ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் பறக்கும் புள்ள. தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியும், போர் போடச் சொன்ன காட்டுக்காரனுக்கும் தெரியும். ஆனா, இன்னும் அம்பது அடி போடுங்கம்பான். நிறுத்துன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. எனக்கு நீ அப்படிப் பண்ணிப்போடாத."

"மாட்டேனுங்க" என்றேன்.

பத்திரம் எழுதினோம். நோட்டரி வக்கீல் முன்னால் அவர் கையெழுத்துப் போட்டார். அவரோடு வண்டியில் ஓடிய இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாரமே சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். அவரால் பேச முடியாமல் போனால் அவர் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர். நானும் கையெழுத்துப் போட்டேன், பரீட்சைத் தாளில் மார்க் போடுகிற வேகத்தில். பெங்களூரில் இருக்கும் பையனிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டான் என்றார். சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூப்பிட்ட மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். உதடு நீலம். 108-க்குப் போன் பண்ணினேன். சேலத்துக்குக் கொண்டு போனார்கள். ஆதார் கார்டு, பழைய ரிப்போர்ட்டு, பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கைப்பையில் எடுத்துக்கொண்டது நான்தான். அந்த அவசரத்திலும் மறக்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர், தொண்டையில் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தால்தான் உண்டு, போடலாமா, உடனே சொல்லுங்கள் என்றார். என் கை பையின் ஜிப்பில் இருந்தது. திரைக்குப் பின்னால் அவர் இழுக்கும் மூச்சு கேட்டது.

"போடுங்க" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்தேன். பதற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். எதுவும் இல்லை. எனக்கு ஆறு வருஷம் போதவில்லை. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு ஆறு வருஷம்தானா என்று யார் மேலோ கோபம். அந்தக் கோபத்தில் அவருடைய தொண்டையில் குழாய் போட வைத்தேன்.

அன்று சாயங்காலம் பையன் வந்து சேர்ந்தான். மூன்றாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வலது கை விரல்களை ஆட்டினார். நர்ஸ் கட்டை அவிழ்த்து ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தாள். வெகு நேரம் எடுத்து, கோணல் கோணலாக எழுதினார்.

நீதான கையெழுத்துப் போட்ட.

நான் குனிந்து, "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமுங்க, தேறிக்கிட்டு வாரீங்கன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் நான் எப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே உறைத்தது. அந்தக் காட்டுக்காரன் பேசுகிற பேச்சு. அவர் குழாய் இடம் கொடுத்த அளவுக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பையன் வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. காய்ச்சல் வந்தது, கிட்னி போனது, நினைவு தப்பியது. பதினோராம் நாள் காலை, பையன் டிபன் வாங்கப் போயிருந்தபோது, பெரிய டாக்டரின் அறைக்குப் போய்ப் பத்திரத்தை மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இதை மொத நாளே காட்டியிருந்தா நாங்க குழாயே போட்டிருக்க மாட்டமேம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

இனி கருவியை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், சில நாள் ஆகலாம் என்றார். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டு போங்கள். வீட்டுக்கே என்றேன். பையனிடம், டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

சேலத்திலிருந்து வருகிற வழியெல்லாம் ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு அமுக்கு, ஒரு மூச்சு. சங்ககிரி தாண்டும்போது கை மாற்றினார். வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல வெயில். ஊரே நின்றது. கட்டிலில் கிடத்திய பிறகும் உதவியாளர் அமுக்கிக்கொண்டே, எப்போது நிறுத்துவது என்று கேட்டார். பள்ளிபாளையத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்துகொண்டிருக்கிறாள், அதுவரைக்கும் அமுக்கட்டும் என்றான் பையன்.

"வேண்டாங் கண்ணு" என்றேன். உதவியாளர் பக்கம் திரும்பினேன். "எங்கிட்டக் குடு சாமி."

பையை வாங்கி நான் அமுக்கினேன். லேசாகத்தான் இருந்தது. நாலைந்து தடவை அவர் நெஞ்சு என் கைக்கு ஏறி இறங்கியது. காதோரம் குனிந்து, "போதுங்க, நிறுத்திட்டேனுங்க" என்றேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. கையை எடுத்தேன். உதவியாளர் குழாயை உருவினார். பையனும் நானும் ஆளுக்கொரு சொட்டுப் பால் விட்டோம். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவரே மூச்சு விட்டார். வர வர இடைவெளி விட்டது. அத்தை வருவதற்குள் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை மாதிரி யார் பார்ப்பார்கள் என்றார்கள். உசுரோட ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்திட்டியே என்றாள் அத்தை. கருமாதி அன்று பையன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, வந்த சனத்திடமெல்லாம் பெருமையாகச் சொன்னான்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் அப்பாவ உடவே இல்லீங்க."

நான் தலையை ஆட்டினேன். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. விடச் சொல்லித்தான் அவர் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.