அடைக்கலமேரியும் அமெரிக்க அடுப்பும்

கொதிக்கிற குழம்பின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மூச்சு இழுக்கிறாள் அடைக்கலமேரி. பிறகு உப்புச் சட்டிக்குள் கையை விட்டு மூன்று விரலால் எடுத்துப் போடுகிறாள். கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்க்கிற வழக்கமே கிடையாது. "சீக்காளிக்கு வைக்கிறதை நாம எச்சி பண்ணலாமாங்க?" என்கிறாள். உப்பு கூடியும் குறைந்தும் நான் கண்டதில்லை. ஏழு வாரம் அவள் கையால் சாப்பிட்டவன் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியின் சமையல்காரி அவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளை மணமேல்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மகள் அனுப்பும் கருவாட்டைத் தனிப் பானையில் வைத்து, தனக்கு மட்டும் ஆக்கிக்கொள்வாள். நடக்கும்போது பாதம் தரையில் பட்ட சத்தமே வராது. ஆனால் வாய் ஓயாது. ஆள் இல்லாவிட்டால் பானையோடு பேசுவாள். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மூணாம் கட்டிலுக்கு வயிறு சரியில்லை, ரசம் போதும்" என்பாள். நான் நாலாம் கட்டில். போன வருஷம் ஐப்பசியில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு அங்கே கிடந்தேன்.

அவளுடைய பெரிய குற்றம், பசிக்கிறது என்று யாராவது சொன்னால் தாங்க மாட்டாள். நேரம் காலம் பார்க்காமல் தட்டோடு வந்துவிடுவாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் கட்டிலில் இருந்த பழனிச்சாமி விஷயத்தில் அது வம்பாகிவிட்டது. பழனிச்சாமி கந்தர்வக்கோட்டைக்காரர், முந்திரித் தோப்பு உள்ளவர், நல்ல உயரம். சர்க்கரை வியாதி. அவருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் ஊசி போட வேண்டும். போட்டபின் சாப்பாடு தாமதித்தால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஒருநாள் ஊசிக்கு முன்னாலேயே அடைக்கலமேரி தட்டைக் கொடுத்துவிட்டாள். டாக்டர் மேட்ரனம்மாவைக் கோபித்துக்கொண்டார். மேட்ரனம்மா சமையலறைக்கு வந்தார்.

"இன்னொரு தடவை உன் இஷ்டத்துக்குச் சோறு போட்டா, ஊருக்கு மூட்டையைக் கட்டிக்கோ. மணிப்படி போடணும். மணிப்படி."

"எனக்கு மணி பார்க்கத் தெரியாதுங்களே. வெயிலு குழாயடிக்கு வந்தா மதியச் சோறுன்னு ஒரு கணக்கு."

"அதுக்கும் வழி பண்றேன்" என்றார் மேட்ரனம்மா.

வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. யுத்தம் முடிந்து, அமெரிக்கப் பட்டாளத்தார் வடக்கே விட்டுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்த சமயம். ஆஸ்பத்திரிமேல் அபிமானமுள்ள ஒரு செல்வந்தர் ஒரு மின்சார அடுப்பை ஏலத்தில் எடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளைப் பீங்கான் பூச்சு, நாலு தட்டு, கீழே ரொட்டி சுடுகிற பெட்டி. நெற்றியில் ஒரு கடிகாரம். அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், மின்சாரத்திலேயே ஓடும். மின்சாரக் கம்பெனி ஒயர்மேன் நாகராசு இரண்டு நாள் வேலை செய்து, நம் ஊர் வோல்டேஜுக்கு அதைப் பொருத்த ஒரு கனமான இரும்புப் பெட்டியை நடுவில் இணைத்துக் கொடுத்தான். தட்டு சிவந்தது. பால் பொங்கியது. அடைக்கலமேரி தள்ளி நின்று பார்த்தாள்.

"புகை இல்லை, சாம்பல் இல்லை, நெருப்பும் கண்ணுக்குத் தெரியலை. எதை நம்பி இவன்மேல பானையை ஏத்துறது?" என்றாள். அன்றிலிருந்து அடுப்புக்குப் பெயர் அமெரிக்காக்காரன்.

மேட்ரனம்மாவுக்கு அடுப்பைவிடக் கடிகாரத்தின்மேல்தான் பிரியம். அவருடைய கைக்கடிகாரம் பழுதாகித் திருச்சிக்குப் போயிருந்தது. அடுப்பு ஏற்றிய முதல் நாள் காலை, டாக்டரின் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியாக ஆறில் வைத்தார். அடைக்கலமேரியை எதிரே நிறுத்தினார்.

"ரெண்டு முள்ளும் ஒண்ணா சேர்ந்து மேலே பார்த்தா பன்னிரண்டு. அதுக்கு முன்னால ஒரு தட்டு வெளியே போகக்கூடாது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

அன்று மழை மூட்டம். குழாயடியில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. பதினொன்றரைக்கு நர்ஸ் ஞானமணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பழனிச்சாமிக்கு ஊசி போட்டாள். போகிற வழியில் சமையலறை வாசலில் நின்று, "மூணாம் கட்டிலுக்கு ஊசி போட்டாச்சு அக்கா" என்று சொல்லிவிட்டு, பிரசவ அறைக்கு ஓடினாள். அங்கே ஒரு பெண் இரண்டு நாளாக வலியில் இருந்தாள்.

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. வார்டும் சமையலறையும் ஒரே தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாக இருந்ததால் அங்கே பேசுவது எனக்குக் கேட்கும். அடைக்கலமேரி மேட்ரனம்மாவின் மேஜைக்கு வந்தாள்.

"கோயில்ல மணி அடிச்சிட்டாகங்க. தட்டுப் போட்டுட்டேன். இங்கிட்டு முள்ளு சேரலை."

மேட்ரனம்மா எழுந்து போய்ப் பார்த்தார். கடிகாரத்தில் சரியாகப் பதினொன்று. அவர் சிரித்தார். சிரித்ததில் நியாயம் இருந்தது. யுத்தத்துக்காகச் சர்க்கார் நாடு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்த கடிகாரங்களை அந்த மாதந்தான் பழையபடி பின்னுக்கு இழுத்திருந்தார்கள். பாதிப் பேர் புது மணியிலும் பாதிப் பேர் பழைய மணியிலும் இருந்தார்கள். கோயிலில் மணி அடிக்கிற பெரியவர் முந்தின வாரமே ஒருநாள் மறந்துபோய் ஒரு மணி நேரம் முந்தி அடித்திருந்தார்.

"அவர் இன்னைக்கும் மறந்துட்டார். இப்போ பதினொண்ணுதான். போய் நில்லு" என்றார் மேட்ரனம்மா.

அவள் போய் நின்றாள்.

என் கையிலும் கடிகாரம் இருந்தது. அதில் பன்னிரண்டரை ஆனபோது நான் பார்த்தேன். புது அடுப்பு, முதல் நாள், சாப்பாடு தாமதமாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு பத்திரிகையைப் புரட்டினேன். இதை எழுதாமல் விடுவது நியாயமில்லை.

பக்கத்துக் கட்டிலில் பழனிச்சாமி பேச ஆரம்பித்தார். முதலில் மாட்டை விரட்டுகிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "யாருடா நீ, என் தோப்புல என்ன வேலை?" என்றார். சாந்தமான மனிதர், ஒருவரையும் 'டா' போட்டுப் பேசாதவர். குடித்தவர் போல நாக்கு குழறியது. வெற்று மார்பில் வேர்வை ஆறாக ஓடியது. கை வெடவெடத்தது. நான் கூப்பிட்டதும் வேலையாள் ஒருவன் வந்து பார்த்து, "சரக்கு எங்கிட்டிருந்தோ வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பழனிச்சாமியின் கண் மேலே செருகியது. தலை தலையணையிலிருந்து சரிந்து கட்டில் சட்டத்தில் மோதியது. நான் கத்தினேன்.

அடைக்கலமேரி ஓடி வந்தாள். அவர் கழுத்தில் கையை வைத்தவள், வேர்வை சில்லென்று பட, வைத்த வேகத்தில் எடுத்தாள். "ஐயோ, சோறு போகலையே" என்று மட்டும் சொன்னாள். சர்க்கரை பூட்டிய அலமாரியில் இருந்தது, சாவி மேட்ரனம்மாவிடம். அவள் தனக்கென்று வைத்திருந்த கருப்பட்டியைத் தரையில் அடித்து உடைத்து, நாலு சொட்டு வெந்நீரில் குழைத்து, அவருடைய கன்னத்துக்கு உள்பக்கம் விரலால் தடவினாள். பற்கள் கிட்டிக்கொண்டு அவள் விரலைக் கடித்தன. விரலை எடுக்காமலே தடவிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிஷத்தில் பழனிச்சாமி கண்ணைத் திறந்து, எல்லோரையும் பார்த்து, "பசிக்குதுங்க" என்றார்.

டாக்டர் மேட்ரனம்மா பக்கம் திரும்பினார்.

"ஊசி பதினொன்றரைக்கு. சாப்பாடு ஏன் வரவில்லை?"

"இன்னும் பன்னிரண்டு ஆகலையே டாக்டர்" என்றார் மேட்ரனம்மா.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்று பத்து. எல்லோரும் சமையலறைக்குப் போனார்கள். அமெரிக்காக்காரன் நெற்றியில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். நிற்கவில்லை, முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில், மூடிய தட்டில் கோதுமை ரொட்டியும் கீரையும் முட்டையும் ஆறிப்போய் இருந்தன.

மேட்ரனம்மா அடைக்கலமேரி பக்கம் திரும்பினார். "நீ முள்ளைத் தொட்டியா?" என்றார்.

அடைக்கலமேரி கடிபட்ட விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள். "தொடலைங்க" என்றாள். யாரும் நம்பவில்லை. வேறு எதை நம்புவது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் கடிகாரத்தை ஒன்றரைக்கு வைத்துவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டரைக்குப் பார்த்தார். அது இரண்டு இருபது என்றது. ஒரு கையும் அதன்மேல் படவில்லை.

சாயந்தரம் நாகராசு வந்தான். கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கத் தகட்டில் இருந்ததைப் படித்தான். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"நான் வோல்டேஜைத்தான் பார்த்தேங்க" என்றான். "கரண்டு நேரா ஓடுறதில்லை. இங்கிட்டும் அங்கிட்டுமா துடிக்கிது. அவுக ஊர்ல செகண்டுக்கு அறுபது துடிப்பு. நம்ம ஊர்ல அம்பது. என் பெட்டி வோல்டேஜைக் குறைக்கும், துடிப்பை மாத்தாது. அடுப்புக்கு எந்தத் துடிப்பும் ஒண்ணுதான், சூடாகிரும். கடியாரம் துடிப்பை எண்ணி எண்ணித்தான் நகருது. அறுபது எண்ணினாத்தான் அதுக்கு ஒரு செகண்டு. நம்மகிட்ட அம்பதுதானே கிடைக்கிது. மணிக்குப் பத்து நிமிசம் விழுந்துபோச்சு."

ஆறு மணி நேரத்துக்கு அறுபது நிமிஷம். கோயில் மணியைப் பொய்யாக்க அது சரியாக இருந்தது.

நாகராசு கடிகாரத்துக்குப் போகிற ஒயரை வெட்டிவிட்டுப் போனான். மேட்ரனம்மா அன்று மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை வந்து, சர்க்கரை அலமாரிச் சாவியை அடைக்கலமேரியின் கையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் தட்டு கட்டிலருகே வந்த பிறகுதான் ஊசியைத் தொடுகிறார்கள்.

அமெரிக்காக்காரன் இன்னும் இருக்கிறான். "நல்லாத்தான் வேகவைக்கிறான். பேச்சுத்தான் பொய்யி, அதையும் அறுத்தாச்சு" என்கிறாள் அடைக்கலமேரி.

போன வாரம் முறிந்த காலைக் காட்டப் போயிருந்தேன். பகல் பன்னிரண்டு இருக்கும். சமையலறை வாசலில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். பழனிச்சாமி மாதம் ஒரு தடவை வருகிறார் என்றும், வரும்போதெல்லாம் துண்டில் முந்திரிப் பருப்பு முடிந்துகொண்டு வருகிறார் என்றும், அடைக்கலமேரி ஒரு தடவைகூட அவர் முன்னால் போவதில்லை, வேலையாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறாள் என்றும் ஞானமணி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று அவர் யாரையும் கேட்காமல் நேரே சமையலறைக்கு வந்துவிட்டார்.

"சார், இந்தத் தாயி கருப்பட்டி தடவலைன்னா நான் அன்னைக்கே மண்ணுக்குள்ள" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அதைக் கட்டி வைங்க. ஒரு சங்கதி கேட்டுட்டுக் குடுக்கிறதுன்னா குடுங்க." குரல் தாழ்ந்து, ஒரே சீராக வந்தது. "கோயில் மணி அடிக்கையிலேயே ஒங்க தட்டு தயாரா இருந்துச்சு. மூடி வச்சிருந்தேன். ஒங்களுக்கு ஊசி போட்டாச்சுன்னும் எனக்குத் தெரியும், ஞானமணி சொல்லிட்டுத்தான் போச்சு. இங்கிருந்து ஒங்க கட்டிலுக்குப் பத்து எட்டு. ஒரு மணி நேரம் நான் தட்டுப் பக்கத்துல நின்னேன்."

"கடியாரம் தப்புன்னு சொன்னாகளே தாயி."

"கடியாரம் தப்புத்தான். ஆனா எனக்கு நேரம் தெரிஞ்சுது அண்ணே. பன்னெண்டு வருசமா ஆக்கிப் போடுறவ, மழையானாலும் மதியம் ஆனது தெரியாதா. கோயில்காரர் மறக்கலைன்னும் தெரிஞ்சுது. நீங்க ஒளர்றதும் காதுல விழுந்துச்சு. முள்ளு சேரட்டும், இல்லைன்னா வேலை போயிரும்னு நின்னேன். இதை யார்கிட்டயும் சொல்லலை."

அவிழ்த்த துண்டின் ஒரு முனை பழனிச்சாமியின் கையிலிருந்து நழுவியது. பருப்பு இரண்டு மூன்று தரையில் உருண்டு ஓடின. அவர் அவளைப் பார்த்தார், ஆறிப்போன தட்டு அன்று இருந்திருக்கக்கூடிய இடத்தைப் பார்த்தார், தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம் மூன்றாம் கட்டிலைப் பார்த்தார். கடைசியில் துண்டை அப்படியே மேடையில் வைத்துவிட்டு, வெளியே நடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். அடைக்கலமேரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பழனிச்சாமி திரும்பி வந்தார். கழுவிய வலது கையைத் தரையில் படாமல் ஏந்திக்கொண்டு, அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.