நாய்க்குட்டியின் மலத்துக்கு ஐஸ் வைத்தேன்

போன கோடையில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் மீன் வியாபாரி. படகிலிருந்து இறங்கும் மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி வெளியூருக்கு அனுப்புவது தொழில். கையில் எது கிடைத்தாலும் ஐஸில் புதைத்தால்தான் எனக்கு நிம்மதி.

என் மனைவி ஆசையாக வளர்த்த நாய்க்குட்டிக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. சளியும் ரத்தமுமாகப் போனது. எல்லோரும் பயப்படும் பார்வோ வைரஸ் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. பூச்சி மருந்துக்கும் கேட்கவில்லை. குட்டி எலும்பும் தோலுமாகிவிட்டது. குடலில் அபூர்வமான கிருமி ஏதாவது இருக்கலாம், மலத்தைப் புதிதாகக் கொண்டு வாருங்கள் என்றார் கால்நடை டாக்டரம்மா.

புதுசாக வைத்திருப்பதை எனக்கா சொல்லித் தர வேண்டும்! டப்பாவில் பிடித்து, மேலும் கீழும் ஐஸைக் கொட்டி, ஏற்றுமதித் தரத்தில் கொண்டுபோனேன். டப்பாவைத் துடைத்து டாக்டரம்மா மேசையில் வைத்துவிட்டு லோடு ஏற்ற ஓடிவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே தெரியவில்லையாம். அதற்குள் குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. இரண்டாம் தடவையும் அதேபோல் ஐஸ் வைத்து, மனைவியோடு போய், டப்பாவை டாக்டரம்மா கையிலேயே கொடுத்தேன். தொட்டதும் திடுக்கிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிக் குளிருது?"

"ஐஸ்ல வச்சிருந்தேன் டாக்டரம்மா. கெட்டுப் போவக்கூடாதுல்லா?"

"இது என்ன சீலா மீனா? நான் தேடுற கிருமி உசுரோட நீந்துனாத்தான் கண்ணுல படும். நீங்க அதக் குளிர்லயே கொன்னுல்லா கொண்டு வாரீங்க!"

மனைவி விடுவாளா? "நல்லவேள, குட்டிய ஐஸ்ல வைக்காம விட்டாவ" என்றாள்.

உடனே குட்டியைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருந்தேன். இத்தனை நாள் வீட்டையே நாறடித்தது, அன்று பார்த்து முனிவர் மாதிரி கிடந்தது. "ஏலே ராசா, கொஞ்சம் வெளிக்குப் போலே" என்று கெஞ்சினேன். ஒருவழியாகப் போனதும், சூடு ஆறுவதற்குள் ஏந்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது.

"இருக்கு அண்ணாச்சி! ட்ரைக்கோமோனாஸ்! நாய்க்குட்டில நான் இதப் பாக்குறது இதுதான் மொதத் தடவ" என்று டாக்டரம்மா துள்ளினார். என்னையும் பார்க்கச் சொன்னார். பொடிப் பொடியாக, வெட்டி வெட்டி நீந்திக்கொண்டிருந்தன. நோய்க்கிருமியைப் பார்த்துக் கைதட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கேற்ற மருந்து உள்ளே போனது. சில நாளில் குட்டி என் கைலியைக் கடித்து இழுக்கும் அளவுக்குத் தேறிவிட்டது.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும் நோயைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. நான் காட்டிய கெட்டிக்காரத்தனத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால்தான் ஓர் உயிர் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.