இறால் குஞ்சுக்கு முனியப்பன் கண்

கடல் இறால் முட்டையிலிருந்து வெளியே வந்ததும் அதற்குப் பெயர் நாப்ளியஸ். பேரிக்காய் வடிவ உடம்பு, நெற்றி நடுவே புள்ளி போல ஒரே ஒரு கண், கால் மாதிரி மூன்று ஜோடி உறுப்புகள். முதல் இரண்டு ஜோடியும் உண்மையில் உணர்கொம்புகள். நீந்துவது அவற்றை வைத்துத்தான். மூன்றாவது ஜோடி பிற்பாடு தாடையாகும். கடலையே பார்க்காத எனக்கு இதெல்லாம் தலைகீழாக ஒப்பிக்க வரும். தர்மபுரியில் விலங்கியல் படித்தால் அப்படித்தான்.

எங்கள் துறையிலிருந்த ஒரே நாப்ளியஸ் ஸ்லைடு, செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரம் பார்த்து விழுந்து உடைந்தது. துறைத்தலைவர் அசரவில்லை.

"பெருசா ஒரு சார்ட் வரைஞ்சு மாட்டிடலாம். நீ பாப்பிரெட்டிப்பட்டிதானே? அங்க நல்ல பெயிண்டர் ஒருத்தர் இருக்காரு" என்று என் தலையில் கட்டினார். நானும் குதித்துக்கொண்டு போனேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நல்ல மார்க் வந்தால்தான் கடலோரக் கல்லூரியில் மேல்படிப்பு. அங்கே உயிருள்ள நாப்ளியஸைப் பார்க்கலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெயிண்டர் அண்ணன், கோவில்களில் உருட்டு விழி முனியப்பன் சாமி சிலைகளுக்கு வர்ணம் அடிப்பவர். நான் கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு ஒண்ணுதான் இருக்குது, பாப்பா?"

"ஒண்ணுதாங்கண்ணா. பொறக்கறப்பவே அப்படித்தான்."

"வாயி?"

"இன்னும் வேலை செய்யாதுங்க. உடம்புக்குள்ள இருக்கற மஞ்சக்கருதான் சாப்பாடு."

"சோறும் இல்ல, கண்ணும் ஒண்ணு. பாவம்." பிரஷ்ஷைத் துடைத்தார். "சாமிக்கும் கண்ணைக் கடைசியாத்தான் தெறப்போம். நாளைக்கு வா."

மறுநாள் சார்ட்டில் இரண்டு கண்கள் உருட்டி விழித்தன. ஓரத்தில் சிவப்பு நரம்பு. மேலே புருவம் வேறு.

"ஒத்தக் கண்ணோட ஒரு உசுர என் கையால எறக்க மாட்டேன்" என்றார். அழிக்கச் சொன்னேன். "தெறந்த கண்ண மூடறதா? நல்லா படிச்ச போ!"

துறைத்தலைவர் சாரிடம் முறையிட்டேன். "லட்சணமாத்தானே இருக்குது" என்றார். "எல்லாரும் ரெண்டுன்னே சொல்லிடுங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னாத்தான் மார்க் போகும்."

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சார்ட்டைக் கண்டதும் அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கிளம்பி, பாதியில் சுதாரித்துக்கொண்டது.

"இதுக்கு எத்தனை கண்ணு?"

எனக்கு முன்னால் போனவர்கள் கூசாமல் "ரெண்டு சார்" என்றார்கள். என் முறை வந்தது. சுவரிலிருந்து இரண்டு கண்கள் என்னை முறைத்தன. நாற்காலியிலிருந்து சாருடைய இரண்டு.

"ஒண்ணு சார்."

"அப்ப அது?"

"பெயிண்டருக்கு மனசு கேக்கல சார்."

தேர்வாளர் சிரித்துவிட்டார். சார் முந்திக்கொண்டார்: "இது கொஞ்சம் வளந்த பருவம் சார்."

"வளந்தா காலும் கூடணுமே?"

சார் ஜன்னலைப் பார்த்தார். ஃப்ளோரைடு கலந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் எங்கள் மாவட்டத்துத் தண்ணீரின் மேல் பழியைப் போடப்போகிறார் என்றே நினைத்தேன்.

மார்க் வந்தது; கடலோரத்தில் இடமும் கிடைத்தது. சேர டி.சி. வேண்டும் என்று துறைக்குப் போனேன். சார்ட் அதே இடத்தில், அதே முறைப்போடு. அடியிலிருந்த பெயர் மட்டும் மாறியிருந்தது: மைசிஸ். அதே இறால் குஞ்சின் பிந்தைய பருவம். கண் இரண்டு, சரிதான். ஆனால் கால்கள் ஏராளமாக இருக்க வேண்டும். இதற்கோ பழைய மூன்று ஜோடியே.

"இப்ப கரெக்ட்டா?" சார் பெருமையாகக் கேட்டார்.

டி.சி. இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"கண்ணு ரொம்ப கரெக்ட் சார்" என்றேன்.